சுவாமி போனபின் இருப்பது யார்?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் பங்குத்தந்தை அடுத்த ஆறு மாதங்களுக்கு வரமாட்டார் என்று இந்த ஞாயிறு பூசையில் அறிவித்தால், உங்கள் பங்கில் எது நின்றுபோகும்? எது தொடர்ந்து நடக்கும்? திருப்பலி நின்றுபோகும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால், செபமும் நிற்குமா? பிள்ளைகளின் மறைக்கல்வி நிற்குமா? படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர் இருப்பாரா? மரணவீட்டில் செபமாலையைத் தொடங்கிவைக்க ஒருவர் எழும்புவாரா?

இந்தக் கேள்வியை என் மனத்தில் பதித்தது ஒரு மரணவீடு. சில ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் ஒரு மாடிக்குடியிருப்பிலிருந்து ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தார்கள். வயது முதிர்ந்த தாயார் ஒருவர் இறந்துவிட்டார். நான் மாலைப் பூசையை முடித்து, ஒரு நோயாளியையும் பார்த்துவிட்டுப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது. அதே கட்டடத்தில் குடியிருந்த நான்கு கத்தோலிக்கக் குடும்பங்கள் முன்னறையில் வந்து அமர்ந்திருந்தன. பலருடைய கைகளில் செபமாலை இருந்தது. ஆனால் செபம் நடக்கவில்லை. இறந்தவரின் மகள் எழுந்து வந்து, "சுவாமி வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்" என்றார்.

நான் தொடங்கினேன். எல்லோரும் உரத்த குரலில் பதில் சொன்னார்கள். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. திரும்பும்போது படிகளில் இறங்கிக்கொண்டே நினைத்தேன்: இவர்கள் அனைவருக்கும் செபம் தெரியும், தொடங்குவது தம்முடைய வேலை என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எப்போதும் நானே தொடங்கி, நானே முடித்து, அவர்களை அப்படிப் பழக்கியவன் நான்தான்.

இதன் மறுபக்கத்தைக் காண வேண்டுமானால், ஆபிரிக்காவின் தென்பகுதிப் பங்குகளைப் பார்க்கவேண்டும். அங்கே நாட்டுப்புறங்களில் ஒரு தாய்க் கோவிலும், அதைச் சுற்றித் தொலைவில் பல கிளைக் கோவில்களும் சேர்ந்ததே ஒரு பங்கு. குருவானவர் முறைவைத்து ஒவ்வொன்றாகப் போய்வருகிறார். அவர் வராத ஞாயிறுகளில் மக்கள் வீட்டில் இருந்துவிடுவதில்லை. உபதேசியாரோ, மக்கள் தெரிந்துகொண்ட ஒரு தலைவரோ இறைவார்த்தை வழிபாட்டை நடத்துகிறார். அந்தக் கோவில்களில் குரு ஒரு விருந்தாளி, வீட்டுக்காரர் மக்களே. இந்த நிலை எப்படி உருவானது, அதில் நமக்கு என்ன பாடம் உண்டு என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

ஒரே தந்தை அனுப்பிய இரு குழுக்கள்

அந்தத் திருச்சபை நமக்கு அந்நியமானது அன்று, உறவுமுறையானது. பிரான்சு நாட்டில் 1816ஆம் ஆண்டு புனித இயூஜின் டி மசனோட் தொடங்கிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் இலங்கையில் வந்து இறங்கினர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவர்கள் ஆற்றிய பணியை இங்கு விவரிக்கத் தேவையில்லை. அதே மசனோட் அனுப்பிய இன்னொரு சிறு குழு 1852இல் ஆயர் அல்லார்டின் தலைமையில் தென்னாபிரிக்காவின் நேட்டால் கரையில் இறங்கியது. திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1865இல் அதே சபைக் கன்னியர் லெசோதோ மலைநாட்டை அடைந்தனர். பம்பலப்பிட்டியில் அக்கன்னியரிடம் படித்த நம் தாய்மாருக்கு, தாம் அறியாமலே, அங்கே ஒரு சகோதரி வீடு இருக்கிறது.

நேட்டாலில் இறங்கியவர்களுள் ஒருவர் அருட்தந்தை சபோன். டேர்பன் நகரமே அவருடைய பணித்தளமாயிற்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் டேர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட முதல் இந்தியத் தொழிலாளர் அதில் இருந்தனர். 1911 வரை இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டோர் தொகை 1,52,184. அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் கதையை அறிந்த நமக்கு, அவர்கள் பட்ட பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களிடையே கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்களோடு கோவிலும் வரவில்லை, குருவும் வரவில்லை. பிள்ளைப்பருவத்தில் தாய் சொல்லிக்கொடுத்த செபங்களும், ஆரோக்கிய மாதாமீது கொண்ட பக்தியும் மட்டுமே வந்தன. இவர்களுக்குப் பணிசெய்ய விரும்பிய சபோன் சுவாமி நடுவயதில் தமிழ் கற்றார். 1867இல் இந்தியப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியையும் தொடங்கினார். நினைத்துப் பாருங்கள்: அங்கே விசுவாசத்தைக் கொண்டுவந்தவர்கள் தோட்டத் தொழிலாளர், அவர்களைத் தேடி, அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டு, பின்னால் போனவர் குரு. அந்தத் தொழிலாளரின் வழிவந்தோரில் பெரும்பாலோர் இன்று வீட்டில் ஆங்கிலமே பேசுகின்றனர். ஆயினும் ஆரோக்கிய மாதாவின் பக்தி அவர்களை விட்டுப் போகவில்லை. வீட்டில் கைமாறிய விசுவாசம் மொழி மாறியபோதும் நிலைத்தது.

குதிரையில் வந்துபோன குரு

அதே நேட்டாலில் 1854இல் குருப்பட்டம் பெற்றவர் அருட்தந்தை யோசேப்பு ஜெரார்ட். சூலு மக்களிடையே எட்டு ஆண்டுகள்வரை உழைத்தார். விளைச்சல் என்று சொல்லிக் காட்ட அவரிடம் ஏதும் இருக்கவில்லை. 1862இல் ஆயர் அல்லார்டுடன் மலை கடந்து, அன்று பசுத்தோலாந்து எனப்பட்ட லெசோதோவுக்குச் சென்றார். அங்கே மொஷ்வேஷ்வே மன்னர் அவர்களை ஏற்று, குடியமர இடமும் கொடுத்தார். இயேசுவின் தாயின் ஊர் என்று பொருள்படும் பெயரோடு அங்கு எழுந்த பணித்தளமே பின்னர் ரோமா என்று அழைக்கப்பட்டது. லெசோதோவின் தேசியப் பல்கலைக்கழகம் இன்று அமைந்திருப்பதும் அவ்விடத்தில்தான்.

ஜெரார்ட் சுவாமியை அம்மக்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது அவருடைய பிரசங்கங்களுக்காக அன்று. அவர் நோயாளிகளைத் தேடிச் சென்றதற்காக. ஆர்த்தபான் என்ற தம் குதிரையில் ஏறி, மலைக் கிராமங்களுக்கு ஓயாமல் போய்வந்தார். முதுமையில் கண் மங்கி உடல் தளர்ந்தபோதும் அந்தப் பயணம் நிற்கவில்லை. 1914ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் தமது 83ஆம் வயதில் அவர் இறந்தார். 1988 செப்டெம்பர் 15இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் லெசோதோவின் தலைநகர் மசேருவுக்குச் சென்று அவரை அருளாளராக அறிவித்தார்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எத்துணை ஆர்வமுள்ள குருவானாலும் குதிரையில் வந்தவர் குதிரையில் போய்விடுவார். அவர் போனபின் அந்தக் கிராமத்தில் இருப்பவர் யார்? செபத்தைத் தொடர்ந்தவர், திருமுழுக்குப் பெறக் காத்திருந்தவருக்குப் போதித்தவர், சாகக் கிடந்தவரின் தலைமாட்டில் இருந்தவர், எல்லோரும் அக்கிராமத்து மக்களே. தென்னாபிரிக்காவிலும் லெசோதோவிலும் பங்குப் பெண்கள் பக்திச் சபைகளாகச் சேர்ந்து, தங்களுக்கென ஒரே நிற உடை அணிந்து, துக்க வீடுகளுக்குப் போகிறார்கள். அடக்கத்திற்கு முந்திய இரவு முழுவதும் விழித்திருந்து பாடிச் செபிக்கிறார்கள். அங்கே துக்க வீட்டில் செபத்தைத் தொடங்கக் குருவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

உயிரை விலையாகக் கொடுத்த பொதுநிலையினர்

மக்கள் கையில் பங்கை ஒப்படைத்தால் விசுவாசம் நீர்த்துப்போகாதா என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை, தென்னாபிரிக்காவின் வடக்கே, இன்று லிம்போப்போ எனப்படும் மாகாணத்தில் வாழ்ந்த பெனடிக்ட் தஸ்வா.

1946இல் பிறந்த இவர் பதினாறாம் வயதில், 1963இல் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார். ஆசிரியராகி, நுவேலி என்னும் ஊரின் ஆரம்பப் பாடசாலையில் அதிபரானார். மணமுடித்துப் பல பிள்ளைகளுக்குத் தந்தையானார். வீட்டு வேலைகளில் மனைவிக்குக் கைகொடுப்பதை வெட்கமாக எண்ணவில்லை. தம் தோட்டத்து விளைச்சலை இல்லாதவரோடு பகிர்ந்துகொண்டார். ஊரில் கோவில் எழும்ப முன்னின்று உழைத்தார். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார். குரு வராத ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்தினார்.

1990 ஜனவரியில் அப்பகுதியில் கடும் மழையும் இடியும் வந்தன. மின்னல் தாக்கிக் குடிசைகள் எரிந்தன. யாரோ சூனியம் செய்துதான் மின்னலை ஏவினார் என்று ஊர்க்கூட்டம் தீர்மானித்தது. அந்த ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மந்திரவாதியிடம் போகவேண்டும். அவருக்குக் கொடுக்க ஒவ்வொருவரும் ஐந்து ராண்ட் தரவேண்டும். மின்னல் இயற்கையின் செயல் என்று தஸ்வா எடுத்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. தம் விசுவாசத்துக்கு மாறான இக்காரியத்துக்குத் தாம் பணம் தருவதில்லை என்று மறுத்துவிட்டார். மந்திரவாதி ஒரு பெயரைச் சொன்னால், அந்த ஆளின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்பதை அவர் அறிவார்.

பெப்ரவரி 2ஆம் நாள் மாலை, அவர் காரில் வீடு திரும்பும் வழியை மறித்து, ஒரு கூட்டம் கல்லெறிந்தது. இறங்கி ஓடிய அவரைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்துக் கொன்றது. 2015 செப்டெம்பர் 13இல் திருச்சபை அவரை மறைசாட்சியாக, அருளாளராக உயர்த்தியது.

அன்பர்களே, ஐந்து ராண்ட் என்பது பெரிய தொகை அன்று. கொடுத்திருந்தால் ஒருவரும் அவரைக் குறைசொல்லியிருக்க மாட்டார். அந்த ஊர்க்கூட்டத்தில் அவர் பக்கத்தில் ஒரு குருவும் இருக்கவில்லை. ஓடிப்போய்க் கேட்டுவர நேரமும் இருக்கவில்லை. அவருக்குள் வேரூன்றியிருந்த விசுவாசம் அவருக்குப் பதிலாகப் பேசியது. நம் நகரத்திலும் இத்தகைய நேரங்கள் வந்ததுண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, கூட்டத்தோடு சேராமல் அயலவரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. அவர்களும் யாரிடமும் போய்க் கேட்டுவரவில்லை. நெருக்கடி வேளையில் கைகொடுப்பது அன்று கேட்ட பிரசங்கம் அன்று. முப்பது ஆண்டுகளாக வீட்டில் வாழ்ந்த வாழ்வு.

அங்கிருந்து நம்மிடம் வந்த ஏழு படிகள்

மக்களே தாங்கும் பங்கு தானாக உருவாவதில்லை, பயிற்சி வேண்டும். தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் லும்கோ என்ற இடத்தில் இயங்கிய நிறுவனம் இதையே தன் பணியாகக் கொண்டது. ஜெர்மனியிலிருந்து வந்த குருக்களான பிரிட்ஸ் லோபிங்கரும் ஒஸ்வால்ட் ஹிர்மரும் அங்கு பணியாற்றினர். இருவரும் பின்னாளில் அந்நாட்டிலேயே ஆயர்களானார்கள். படிப்புக் குறைந்தவர்களும் கலந்துகொள்ளத்தக்க எளிய முறையில் அவர்கள் வகுத்ததே ஏழு படி நற்செய்திப் பகிர்வு.

உங்கள் அன்பியக் கூட்டத்தில் நீங்கள் செய்வது இதுதான் என்பதை இப்போது உணர்ந்திருப்பீர்கள். முதலில் ஆண்டவரை அழைக்கிறோம். இரண்டாவதாக நற்செய்தியை வாசிக்கிறோம். மூன்றாவதாக மனத்தைத் தொட்ட சொல்லை எடுத்து மீண்டும் சொல்கிறோம். நான்காவதாக மௌனமாயிருக்கிறோம். ஐந்தாவதாக உள்ளத்தில் பட்டதைப் பகிர்கிறோம். ஆறாவதாக ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்க்கும் செயல் என்ன என்று பேசி முடிவுசெய்கிறோம். ஏழாவதாகச் சொந்தச் சொற்களில் செபிக்கிறோம்.

ஆசிய ஆயர்கள் 1990இல் இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் கூடி, எல்லோரும் பங்கேற்கும் திருச்சபையே நமது பாதை என்று கூறியபின், இந்த முறை ஆசிய நாடுகளில் பரவலாயிற்று. இதில் நாம் பெரும்பாலும் தவறவிடுவது ஆறாவது படி. வாசிக்கிறோம், பகிர்கிறோம், தேநீர் அருந்திக் கலைகிறோம். மேல்மாடியில் தனியே இருக்கும் முதியவரை இந்த வாரம் பார்க்கப்போவது யார் என்று தீர்மானித்துக் கலைவதில்லை. ஆறாவது படி இல்லாத அன்பியம் இன்னொரு செபக்கூட்டமாகவே முடிந்துவிடும்.

இது நமக்குப் புதியதா?

புனித சின்னப்பர் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்தபோது, எந்த ஊரிலும் நிலையாகத் தங்கவில்லை. லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் மூப்பர்களை ஏற்படுத்தி, செபித்து, அவர்களை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார் என்று திருத்தூதர் பணி நூலின் பதினான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மூப்பர் என்னும் அச்சொல் இலங்கைக் கத்தோலிக்கருக்கு நன்கு பழகிய சொல்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபோது, கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் புனித யோசேவாஸ் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இந்நாட்டு மக்களின் விசுவாசத்தைக் காத்தவர் யார்? வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும், கூட்டிவைத்துச் செபித்த பெரியோரும் அன்றோ? யோசேவாஸ் சுவாமியும் ஓரிடத்தில் தங்க இயலாத குருவாகவே இருந்தார். ஆகவே அவர் சென்ற இடமெல்லாம் மூப்பரையும் அண்ணாவியாரையும் நம்பித் திருச்சபையை விட்டுச்சென்றார். திருமுழுக்குக் கொடுக்கவும், செபம் நடத்தவும், இறப்போரைத் தேற்றவும் அவர்கள் அறிந்திருந்தனர். தென் ஆபிரிக்கக் கிளைக் கோவில்களில் நாம் வியந்து பார்ப்பது நம் முன்னோரின் வழியே.

கொழும்பில் நமக்குக் குருக்கள் கிடைத்தார்கள். கோவில்கள் நடந்துபோகும் தூரத்தில் எழுந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஞாயிறு தோறும் பூசை உண்டு. கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அலைமோதுகிறது. இவை ஆண்டவர் தந்த பெருங்கொடை. ஆனால் கொடை மிகுந்தபோது நாம் அதைப் பெறுகிறவர்களாக மட்டும் மாறிவிட்டோம். 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபின் சில ஞாயிறுகள் கோவில்களில் பூசை நடக்கவில்லை. 2020இல் கொள்ளைநோய்க் காலத்திலும் கோவில் கதவுகள் மூடியிருந்தன. அந்நாள்களில் எத்தனையோ வீடுகளில் தகப்பன்மார் முதல் தடவையாகச் செபத்தை முன்னின்று நடத்தினார்கள். கதவுகள் திறந்ததும் அந்தப் பழக்கத்தை ஏன் மூடிவிட்டோம்?

இதைக் கூறும்போது, குருத்துவம் தேவையில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நற்கருணையின்றித் திருச்சபை வாழாது. குருவின்றி நற்கருணை இல்லை. லெசோதோ மக்கள் ஜெரார்ட் சுவாமியின் குதிரை வரும் நாளை எண்ணிக் காத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் சும்மா இருந்து காத்திருக்கவில்லை, செபித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இதுவே வேறுபாடு. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் உபதேசியாரின் பணியைத் திருச்சபையின் முறையான பொதுநிலைப் பணியாகவே நிலைநாட்டினார். திருச்சபை கதவைத் திறந்துவிட்டது; உள்ளே வருவது நம் பொறுப்பு.

குடும்பமாகச் சிந்திக்கவும் செய்யவும்

இன்றிரவு உணவுக்குப்பின் இக்கட்டுரையைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். பின்னர் இம்மூன்று கேள்விகளை ஒருவரையொருவர் கேளுங்கள்.

முதலாவது: நம் வீட்டில் செபத்தைத் தொடங்குவது யார்? எப்போதும் அம்மாவே என்றால், இவ்வாரம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் தொடங்கட்டும். கடைசிப் பிள்ளைக்கும் ஒரு நாள் உண்டு.

இரண்டாவது: நம் ஒழுங்கையில், அல்லது நம் மாடிக்குடியிருப்பில், எத்தனை கத்தோலிக்கக் குடும்பங்கள் உள்ளன? அவர்களில் நோயாளி யார், தனித்திருப்பவர் யார் என்று நமக்குத் தெரியுமா?

மூன்றாவது: எல்லோரும் கொடுக்கிறார்கள் என்பதற்காக நாமும் கொடுத்துவிட்ட அந்த ஐந்து ராண்ட் எது? சாத்திரிக்கும் செய்வினை கழிப்பவருக்கும் கொடுத்த பணமா? அயலவரைப் பற்றிய பழிச்சொல்லுக்குக் கொடுத்த தலையாட்டலா?

இறுதியாக, குருவானவர்கள் சார்பில் என் வாக்குறுதி ஒன்று. அந்த மாடிக்குடியிருப்பின் படிகளில் இறங்கிய நாளிலிருந்து, மரணவீட்டுக்குப் போனால் நான் உடனே தொடங்குவதில்லை. ஓர் ஓரமாக அமர்ந்து, "நீங்கள் தொடங்குங்கோ, நான் பதில் சொல்லுறன்" என்கிறேன். முதலில் எல்லோரும் திகைத்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பிறகு ஒருவர், பெரும்பாலும் ஒரு பாட்டியார், நடுங்கும் குரலில் சிலுவை அடையாளம் வரைந்து தொடங்குவார். இரண்டாம் பத்து மணிக்குள் அந்தக் குரலில் நடுக்கம் இருக்காது.

அடுத்த முறை நான் வரப் பிந்தினால், வாசலில் நிற்கும்போதே உங்கள் செபமாலையின் ஒலி எனக்குக் கேட்கட்டும்.